கடலூரில் கபடி ஆடி ஓய்ந்தவர்களுக்கு: இன்னும் மூன்று பேர் வேண்டும்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். கடலூரில், கெடிலம் ஆற்றுக்கு இந்தக் கரையிலோ அந்தக் கரையிலோ, ஒரு காலத்தில் முட்டி தேயத் தேயக் கபடி ஆடிவிட்டு, அப்புறம் கல்யாணம், வேலை, கால்வலி என்று ஏதோ ஒன்றில் நிறுத்திக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் நிறையப் பேரை எனக்கு முகம் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மஞ்சக்குப்பம் மைதானத்தின் ஓரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உங்கள் ஆட்டத்தைப் பார்த்தவள் நான். நானும் பத்தாவது வரை பள்ளி அணியில் இடது கார்னர் ஆடினேன். பதினொன்றாவதில் நின்றுபோனது. யாரும் திட்டவில்லை, தடுக்கவில்லை. "போதும்மா" என்றார் அப்பா. நானும் சரி என்றுவிட்டேன். அன்று யாராவது ஒரு அண்ணனோ அக்காவோ வீட்டுக்கு வந்து அப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

விஷயம் இதுதான். போன ஜூனில் பள்ளி திறந்த வாரத்திலிருந்து நாங்கள் நான்கு பேர், தேவனாம்பட்டினம் சாலையை ஒட்டிய ஒரு காலி இடத்தில், செவ்வாய், வியாழன், ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லித் தருகிறோம். கொத்தனார் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், பால் சொசைட்டியில் இருக்கும் அக்கா ஒருவர், கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடும் தம்பி ஒருவன், நான். இதை ஒரு சங்கமாகப் பதிவு செய்ய வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால்தான் ஒரு சங்கம். கபடி அணிக்கும் களத்தில் ஏழு பேர்தான். நாங்கள் நான்கு பேர் இருக்கிறோம். அந்த மூன்று பேரைத் தேடித்தான் இந்த மடல்.

பெயருக்குக் கையெழுத்துப் போட மூன்று பேர் கேட்டால் எங்கள் தெருவிலேயே கிடைத்துவிடுவார்கள். நாங்கள் தேடுவது வாரத்தில் இரண்டு மாலை வந்து நிற்கக்கூடியவர்களை. அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால் நாங்கள் தொடங்கிய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

முதல் மூன்று ஞாயிற்றுக்கிழமையும் நாங்கள் ஆடவே இல்லை. கண்ணாடிச் சில்லு பொறுக்கினோம். மேலே பார்த்தால் வெறும் மணல்தான். இரண்டு அங்குலம் கிளறினால் பாட்டில் உடைசல், ஆணி, ஓட்டுத் துண்டு, கொஞ்சம் மீன் முள்கூட. மணல் சலிக்கும் சல்லடையைக் கொத்தனார் அண்ணன் கொண்டுவந்தார். ஒருவர் அள்ளிப்போட, இருவர் சலிக்க, பிள்ளைகள் குந்தி உட்கார்ந்து சல்லடையில் தங்கியதைப் பக்கெட்டில் போட்டார்கள். நாலு பக்கெட் நிறைந்தது. வெறும் மணலில் கால் புதையும், திரும்பும்போது கணுக்கால் பிசகும் என்பதால், ஏரி மண் ஒரு டிராக்டர் லோடு அடித்துக் கலந்து, தண்ணீர் தெளித்து, மிதித்து மிதித்து இறுக்கினோம். அப்புறம் கோடு. பெண் பிள்ளைகளுக்கான களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். நான் டேப்பைப் பிடித்து நாலு பக்கமும் அளந்து, சரியாக இருக்கிறது என்றேன். அண்ணன் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "கோணிக்கிச்சும்மா" என்றார். மூலையில் முளைக்குச்சி அடித்து, ஒரு பக்கம் மூன்று, இன்னொரு பக்கம் நான்கு, குறுக்கே ஐந்து என்று நூல் பிடித்தார். வீட்டுக்கு அஸ்திவாரம் போடும்போது மூலைமட்டம் பார்க்கிற அதே கணக்குதான். குறுக்கே ஒரு சாண் கூடுதலாக இருந்தது. எல்லாக் குச்சியையும் பிடுங்கித் திரும்ப அடித்தோம். சுண்ணாம்பு தூவி முடிக்கும்போது இருட்டிவிட்டது. பிள்ளைகள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கோட்டை மிதிக்காமல் ஓரத்தில் வரிசையாக நின்றுகொண்டு பார்த்தார்கள்.

அப்படி நின்றவர்களில் ஒரு பெண், ஏழாவது படிக்கிறாள். அப்பா கடலுக்குப் போகிறவர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் வெறுமனே பார்த்தாள். அடுத்த வாரம் ஆட வந்தாள். கால் வேகம், திரும்பும் சாமர்த்தியம் எல்லாம் இருந்தது. பாட்டுதான் வரவில்லை. உதடு அசையும், சத்தம் வெளியே வராது. உங்களுக்குச் சொல்லவே வேண்டாம், 'கபடி கபடி' என்று நடுவருக்குக் கேட்கும்படி விடாமல் பாடவில்லை என்றால், எதிரணிப் பக்கம் தொட்டு வரப் போகும் அந்த ரைடு செல்லாது. சத்தமாகப் பேசிப் பழக்கம் இல்லாத பிள்ளை அவள். சத்தமாகப் பேசாதே என்றே வளர்ந்தவள். பால் சொசைட்டி அக்கா அவளைக் களத்தின் ஒரு முனையில் நிறுத்திவிட்டு மறு முனைக்குப் போய், "எனக்குக் கேக்குற வரைக்கும் பாடு" என்றார். கடல்காற்று வேறு. முதல் நாள் ஒன்றும் கேட்கவில்லை. நாலாவது நாள் கேட்டது. தீபாவளிக்கு முன்னால் ஒரு மாலையில், நடுக்கோட்டிலிருந்து மூன்று மீட்டரில் இருக்கிற பாக் லைனைத் தாண்டிப் போய், போனஸ் கோட்டையும் தாண்டிவிட்டு, ஒரு ரைடுக்கு உள்ள முப்பது விநாடியும் பாடிக்கொண்டே திரும்பி வந்தாள். சாலையில் போன ஐஸ்காரர்கூட வண்டியை நிறுத்திப் பார்த்தார். இந்த ஒரு பிள்ளைக்காகவாவது நாம் இதை விடக்கூடாது என்று அன்று நாங்கள் நால்வரும் பேசிக்கொண்டோம்.

அந்த அக்டோபரில்தான் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் நம் பெண்கள் அணி தங்கம் வாங்கியது. அணியின் துணைத் தலைவர் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. நகரத்தின் நடுவில் இருந்த குடிசைகளைக் காலி செய்து கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் கண்ணகி நகர். அங்கிருந்து ஒரு பெண் ஆசிய அளவில் போய் நின்றாள் என்றதும் எங்கள் பக்கத்துத் தாய்மார்களின் பேச்சே மாறிவிட்டது. அதுவரை "பொம்பளப் புள்ளைய எதுக்கு மண்ணுல புரள விடறீங்க" என்றவர்கள், "இவளுக்கும் சொல்லிக் குடும்மா" என்று கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள். இன்று எங்களிடம் வரும் 26 பேரில் 15 பேர் பெண் பிள்ளைகள்.

ஆனால் ஒரு கார்த்திகா வருவதற்கு முன்னால், அந்த இடத்தில் தினம் மாலை யாரோ ஒருவர் வந்து நின்றிருக்க வேண்டும். மழை பெய்தாலும், பத்துப் பேர் வர வேண்டிய இடத்தில் மூன்று பேர் வந்தாலும் வந்து நின்றிருக்க வேண்டும். நம் ஊரில் இல்லாதது அதுதான். திறமைக்குப் பஞ்சமில்லை. ஊராட்சிகளுக்கு 2024 முதல் அரசே கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுக்கிறது. பந்தும் வலையும் வந்துவிடும். சாயந்திரம் ஐந்து மணிக்கு அந்த வலையைக் கட்ட ஆள் வரவேண்டும் அல்லவா?

நம் டீம்கள் எப்படி உருவாகும் என்று உங்களுக்கே தெரியும். பொங்கலுக்கு இரண்டு வாரம் முன்னால் பத்துப் பேர் கூடுவார்கள். முதுகில் பெயரும் நெஞ்சில் ஒருவர் படமும் போட்ட ஜெர்சி வரும். நுழைவுக் கட்டணம் கட்டி, ராத்திரி லைட் வெளிச்சத்தில் மூன்று ஊரில் ஆடி, ஒரு கோப்பை வாங்கி டீக்கடை அலமாரியில் வைத்தால் அந்த வருஷம் முடிந்தது. மாசியில் அந்த டீம் இருக்காது. அந்த ஆட்டங்களை நான் குறை சொல்லவில்லை. மைக்செட்டில் "அடுத்து பாடி வருபவர்" என்று பேரைச் சொல்லும்போது ஊரே எழுந்து நிற்குமே, அதைப் பார்த்துத்தான் எனக்கே இந்த ஆசை வந்தது. ஆனால் பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு அந்த இரண்டு வாரத்தில் இடம் கிடையாது. பெண் பிள்ளைக்குச் சுத்தமாகக் கிடையாது. ஆடத் தெரிந்தவனுக்கு மட்டும்தான் அங்கே இடம். ஆடத் தெரியாத பிள்ளை வந்து கற்றுக்கொள்ள ஒரு இடம் வேண்டாமா?

இன்னொன்றையும் வெளிப்படையாகவே சொல்கிறேன். நம் டீம்கள் தெரு டீம்கள். தெரு என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று எழுதித் தெரிய வேண்டியதில்லை. ஒரு தெரு டீமில் இன்னொரு தெருப் பையன் ஆட மாட்டான், ஆடினால் இரண்டு பக்கமும் பேச்சு வரும். ஆட்டத்தில் வந்த சண்டை ஆட்டத்தோடு முடியாமல் ஊருக்குள் போனதையும் நாம் பார்த்திருக்கிறோம். எங்கள் களத்தில் குப்பத்துப் பிள்ளை, காலனிப் பிள்ளை, ஊர்த்தெருப் பிள்ளை எல்லோரும் இருக்கிறார்கள். ஒரே பானையில் தண்ணீர் குடிக்கிறார்கள். ஒரு பிடி விழுந்தால் மூன்று தெருக் கையும் சேர்ந்துதான் அந்த ரைடரை அமுக்குகிறது. சங்க விதிகளில் முதலில் எழுதி வைத்திருப்பதும் இதுதான்: சாதிப் பெயரிலோ, கட்சிப் பெயரிலோ, தலைவர் படத்தோடோ ஜெர்சியும் கிடையாது, பேனரும் கிடையாது. யார் பணம் கொடுத்தாலும் இது மாறாது. இதில் உடன்படாதவர்கள் தயவுசெய்து வரவேண்டாம் என்று சொல்ல எனக்குச் சங்கடம் இல்லை.

சரி, இப்படியே நான்கு பேராக ஆடிக்கொண்டிருக்க வேண்டியதுதானே, பதிவு எதற்கு என்று கேட்பீர்கள். மழைதான் காரணம். ஐப்பசி பிறந்ததும் எங்கள் களத்தில் தண்ணீர் நின்றது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின்னால் தென்பெண்ணை பெருகி வந்தபோது இந்தப் பக்கமெல்லாம் எப்படி இருந்தது என்று பார்த்தவர்கள்தானே நாம். தாழ்வான இடம். இரண்டு மாதம் ஆட முடியவில்லை. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்து மைதானம் மேட்டில் இருக்கிறது, மாலையில் பூட்டித்தான் கிடக்கிறது. கேட்டுப் பார்த்தோம். தலைமை ஆசிரியர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். முன்பு ஒருமுறை ஒரு டீமுக்குக் கொடுத்ததில் மறுநாள் காலையில் வகுப்பறை வாசலில் மது பாட்டில் கிடந்ததாம். "நீங்க நல்லவங்கதான், பார்த்தாலே தெரியுது. ஆனா சாவியை யார் பேர்ல எழுதிக் கொடுக்கறது? நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான் யாரைக் கூப்பிடறது?" என்று கேட்டார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. நான் வேலை மாறிப் போகலாம், தம்பிக்கு வெளியூரில் வேலை கிடைக்கலாம். ஆள் போனாலும் பொறுப்பு போகாமல் இருக்க ஒரு அமைப்பு வேண்டும். சங்கத்தின் பேர், முத்திரை, நிர்வாகிகளின் முகவரி எல்லாம் இருந்தால் அடுத்த தடவை அந்த நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்லலாம்.

பதிவு என்றதும் பயப்பட வேண்டாம். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் செய்கிற வேலை. சங்கத்தின் நோக்கம் ஒரு தாளில், விதிமுறைகள் சில தாள்களில், ஏழு பேரின் பெயர், தொழில், முகவரி, கையெழுத்து. நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர். அந்தக் குழு மூன்று வருஷத்துக்கு மேல் நீடிக்க முடியாது, திரும்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த விதிதான். ஒரே ஆள் பத்து வருஷம் தலைவராக இருந்து சங்கம் அவர் வீட்டுச் சொத்தாகிப் போன கதை நம்மிடம் நிறைய உண்டு. வருஷத்துக்கு ஒரு பொதுக்குழு, தணிக்கை செய்த கணக்கு, பதிவாளரிடம் தாக்கல். கணக்கு என் வேலை. நான் தினமும் பார்க்கிற தொழிலே அதுதான்.

பணத்தைப் பற்றி இவ்வளவு போதும்: பெரியவர்களுக்கு மாதச் சந்தா 50 ரூபாய், பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடையாது. சங்கத்தின் பேரில் வங்கிக் கணக்கு, எடுக்க இரண்டு பேர் கையெழுத்து. மாதக் கடைசி ஞாயிறு வரவு செலவை அட்டையில் எழுதிக் களத்தில் தொங்கவிடுவோம். இப்போதும் அப்படித்தான் செய்கிறோம். சுண்ணாம்பு, கயிறு, முதலுதவிப் பெட்டி, ஏரி மண்ணுக்குக் கொடுத்தது, பல்பு. வேறு செலவு இல்லை.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது பிள்ளைகளின் பாதுகாப்பு. இங்கேதான் உங்கள் அனுபவம் எங்களுக்கு வேண்டும். 2022இல் நம் மாவட்டத்திலேயே ஒரு இளைஞன் ஆட்டக் களத்தில் விழுந்து எழாமலே போனது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வீடியோவை நான் முழுதாகப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து எனக்குள் ஒரு கேள்வி. எங்கள் களத்தில் அப்படி ஒன்று நடந்தால் எங்களில் யாருக்கு என்ன செய்யத் தெரியும்? 108க்குப் போன் செய்யத் தெரியும். வண்டி வரும்வரை? அதனால் நாங்கள் நால்வரும் நெஞ்சை அழுத்தி உயிர்காக்கும் பயிற்சியைக் கற்றுக்கொள்வது என்றும், அது தெரிந்த ஒருவர் இல்லாத நாளில் ஆட்டம் இல்லை என்றும் எழுதி வைத்திருக்கிறோம். இன்னொரு விதி: எந்த நேரத்திலும் இரண்டு பெரியவர்கள் இல்லாமல் களம் திறக்காது. பெண் பிள்ளைகள் ஆடும்போது அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். தனியாக ஒரு பிள்ளையை யாரும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகக்கூடாது, அது நானாக இருந்தாலும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை முதலுதவிப் பெட்டி மூடியில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம். சில அண்ணன்களுக்கு இது சங்கடமாகப் படலாம், எங்களைச் சந்தேகப்படுகிறீர்களா என்று தோன்றலாம். தாய்மார்கள் நம்பிப் பிள்ளையை அனுப்ப வேண்டுமென்றால் விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதில்தான் நான்கு பேர் போதவில்லை. கொத்தனார் அண்ணனுக்கு வெளியூரில் கான்கிரீட் வேலை என்றால் அன்று மூன்று பேர். பால் சொசைட்டி அக்காவுக்கு வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் இரண்டு பேர். ஜனவரியில் இரண்டு வியாழக்கிழமை, நான் மட்டும்தான் வந்திருந்தேன். இரண்டு பெரியவர்கள் இல்லை. இருபது பிள்ளைகளையும் திருப்பி அனுப்பினேன். அந்தப் பாட்டு வராத பெண் கடைசியாகப் போனாள். போகும்போது, "அக்கா, ஞாயித்துக்கிழமை இருக்குமா?" என்று கேட்டாள். இருக்கும் என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கு உறுதியில்லை.

அண்ணன்மாரே, உங்களை நான் புதிதாக எதற்கும் அழைக்கவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்ளே வந்தபோது தேவனாம்பட்டினத்துக்கு முதலில் ஓடிய இளைஞர்களில் பாதிப் பேர் கபடி ஆடியவர்கள். 2011 டிசம்பர் 30, தானே புயல் அடித்து ஊர் முழுக்க மரம் விழுந்து கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, எங்கள் தெருவுக்குக் கயிறும் அரிவாளுமாக வந்து வழி வெட்டிக் கொடுத்தது ஒரு டீம். 2015 மழையில் சோற்றுப் பொட்டலம் சுமந்தவர்களும் நீங்கள்தான். யாரும் கூப்பிடவில்லை. யாரும் பதவி கேட்கவில்லை. வேலை முடிந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டீர்கள். தண்ணீர் வந்தால்தான் நாம் கூடுவோம் என்று இருக்க வேண்டாம், சாதாரண செவ்வாய்க்கிழமையிலும் கூடுவோம் என்றுதான் கேட்கிறேன்.

அக்காமாரே, உங்களிடம் தனியாக ஒன்று. "எனக்கு இப்போ ஓடவா முடியும்" என்று சொல்லாதீர்கள். ஓட வேண்டியதில்லை. ஒரு பன்னிரண்டு வயசுப் பெண் முதல் மாதவிலக்கு வந்த வாரம் ஆட வரலாமா கூடாதா என்று தயங்கி நிற்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒரு ஆள் வேண்டும். உடை மாற்ற ஒரு மறைப்புக் கட்ட வேண்டும். பதினொன்றாவதில் "போதும்மா" என்று சொல்லப்போகும் அப்பாக்களின் வீட்டுக்குப் போய் ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு வரவேண்டும். எனக்காக யாரும் வராமல் போனதை இந்தப் பிள்ளைகளுக்காக நாம் செய்யலாம். கணுக்காலைப் பிடிக்கும் ஆங்கிள் ஹோல்ட் போடும்போது எந்தக் கை முதலில் என்பது உங்களுக்கு இன்னும் மறந்திருக்காது. எனக்கு மறக்கவில்லை.

கோடை விடுமுறைக்கு முன்னால் பதிவை முடித்துவிட வேண்டும். விடுமுறையில்தான் பிள்ளைகள் அதிகம் வருவார்கள், அதற்குள் பள்ளி மைதானத்துச் சாவி கேட்டும் எழுதிப் போட வேண்டும். மாசி மகத்தன்று தீர்த்தவாரிக்கு ஊரே சில்வர் பீச்சில் இருக்கும், அன்று பேச முடியாது. அதற்கு அடுத்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் களத்துக்கு வாருங்கள். தேவனாம்பட்டினம் சாலையில் வரும்போது இடது பக்கம், சுண்ணாம்புக் கோடு தெரியும். ஆதார் நகல் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பை ஓரமாக விட்டுவிட்டு வாருங்கள், களத்துக்குள் சில்லு எதுவும் இல்லை. விதிமுறைத் தாள்களை நான் கொண்டுவருகிறேன். படித்துப் பார்த்து, மாற்ற வேண்டியதை மாற்றி, அப்புறம் கையெழுத்துப் போட்டால் போதும். முதல் நான்கு வரியில் எங்கள் பெயர் இருக்கிறது.

அன்புடன்,
மஞ்சக்குப்பம் மைதானத்து ஓரத்தில் சைக்கிளோடு நின்ற தங்கை